வாத்துகளும் ஜன்னல் ஷிப்டும்

பெங்களூருக்குப் போகும் விடியற்காலை ரயிலில் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுகிற பெண்கள் நாங்கள் நாலு பேர். ஒரே பெஞ்சு, ஒரே ஜன்னல். அதற்காக முகம் பார்த்துப் பேசாத அளவுக்குச் சண்டை போட்டு, கடைசியில் ஆளுக்கு ஒரு வாரம் என்று முடிவானது. அதற்கு ஷிப்டு என்று பெயர். நாலு பேருடைய அப்பாக்களும் தங்கச் சுரங்கத்தில் ஷிப்டு பார்த்தவர்கள். வேறு பெயர் எங்களுக்கு எப்படித் தோன்றும்? ஷிப்டை மாற்றிக்கொள்ளக் கூடாது, இரவலும் கேட்கக் கூடாது. சட்டம் போட்டவள் நான்தான். சொந்தக் காசிலேயே சூனியம் வைத்துக்கொண்டேன்.

பங்காருப்பேட்டை தாண்டினால் ஒரு ஏரி வரும். குளிர்காலத்தில் அங்கே பட்டைத்தலை வாத்துகள் வந்து தங்கும். வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. மார்ச் பிறந்து வெயில் ஏறினால் இமயமலைக்கு அந்தப் பக்கம் கிளம்பிவிடும். எனக்கு ஜன்னல் அடுத்த வாரம்தான். அதற்குள் போய்விடுமோ என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் ஜன்னல், எங்களில் சின்னவளுக்கு. துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. ரயில் நகர்ந்ததும் மெல்லிய துப்பட்டாவால் முகத்தை மூடி ஜன்னலில் சாய்ந்தால், பெங்களூர் வரை அசைவே இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு அவள் தலைதான் தெரியும். குரங்கு கையில் பூமாலை என்று நாலு நாள் மனசுக்குள் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை மனசு கேட்கவில்லை. ஏரி வந்ததும் எழுந்து, அவள் மேல் குனிந்து, கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். இருந்தன! கரைப் புல்லில் மேய்ந்த கூட்டம் ரயில் சத்தத்துக்கு மொத்தமாக எழும்பித் தண்ணீருக்கு மேலே வட்டமடித்தது.

“ஏய், எழுந்து பார்றீ, வாத்துங்க!” என்று அவள் தோளை உலுக்கினேன்.

துப்பட்டாவுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “பாத்துனுதான் இருக்கேன் அக்கா. திங்கக்கெழம இன்னும் ஜாஸ்தி இருந்துச்சு. பாதி கெளம்பிடுச்சு.”

“அடிப்பாவி! தெனமும் பாக்கிறியா? அப்புறம் இன்னாத்துக்கு தூங்கற மாதிரி நடிக்கிற?”

“கண்ணத் தொறந்தா நீங்க பேச ஆரம்பிச்சிடுவீங்க அக்கா. ஏரி வர்றதே ரெண்டு நிமிசம்தான்.”

மற்ற இருவரும் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சுருக்கென்றது, சிரிப்பும் வந்துவிட்டது. அவள் சட்டத்தையெல்லாம் பார்க்காமல் கொஞ்சம் ஒடுங்கி, கம்பியோரம் எனக்கு இடம் விட்டாள்.

ஏரி முடியும் வரை இரண்டு பேரும் பார்த்தோம். சத்தியமாக, நான் ஒரு வார்த்தை பேசவில்லை.