யாருடைய பேரில் போடுவது?

இன்சூரன்ஸ் மிஸ் எங்கள் வாடகை வீட்டுக்கு முதன்முதலாக வந்த பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. பர்தாவுக்கு மேல் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, நனைந்த உடுப்பால் கதிரை பழுதாகிவிடும் என்று சொல்லி நுனியில் இருந்தார். கிண்ணியாவிலிருந்து பாலங்களைத் தாண்டி ஸ்கூட்டரில் வந்திருந்தார். என்னுடைய வயதுதான் இருக்கும். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை பையைத் திறக்கவில்லை. எங்கள் மகள் என்ன படிக்கிறாள், வாங்கப்போகும் வீட்டுக்குக் கிணறு இருக்கிறதா, தண்ணீர் உவரா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சுக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். அப்படிக் கேட்டுக் கேட்டே ஒரு குடும்பத்தை அவர் விளங்கிக்கொள்வார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உப்புவெளிப் பக்கம் ஓட்டுக்கூரை போட்ட சின்ன வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தோம். நான் அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியை. என் கணவர் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகும் சொந்தப் படகை ஓட்டுகிறவர். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. அதனால் வங்கி என் சம்பளத்தை நம்பித்தான் வீட்டுக்கடன் தர ஒத்துக்கொண்டது. இரண்டு காப்புறுதி வேண்டும் என்றும் சொன்னது. ஒன்று வீட்டுக்கு. மற்றது கடன் எடுப்பவரின் உயிருக்கு. கடன் எடுத்தவர் இடையில் இறந்துபோனால் மீதிக் கடனைக் காப்புறுதி கட்டிவிடும், வீடு குடும்பத்துக்கே மிஞ்சும்.

"என்ர பேரில போடுங்கோ மிஸ். கடலுக்குப் போறவன் நான்தானே" என்றார் இவர்.

"உங்களுக்கும் போடலாம். ஆனா லோன் கட்டப்போறது டீச்சர்ர சம்பளம். டீச்சர் இல்லாட்டி மாசாமாசம் யார் கட்டுற? பாங்க் அதத்தான் கேக்குது. வாரிசுக்காரரா நீங்களும் கையெழுத்து வெக்கணும்" என்றார் மிஸ்.

இவருடைய முகம் கறுத்துவிட்டது. "இவள் செத்தா எனக்கு வீடு சும்மா கிடைக்கும் எண்டு நான் கையெழுத்து வைக்கிறதோ? ஏலாது" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. மிஸ் கோபிக்கவில்லை. "மெல்ல யோசிக்கட்டும் டீச்சர். இப்பிடிக் கோவிக்கிற மனிசன்மார் நல்லவங்கதான்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்தார்.

அந்தக் கோபத்தின் அடியில் என்ன கிடந்தது என்று எனக்குத் தெரியும். இவருடைய அம்மாவைச் சுனாமி கொண்டுபோனது. திரியாயில் உறவுக்காரர் வீட்டில் நின்றதால் இவர் தப்பினார். பிறகு உதவிப்பணம் என்று ஒரு தொகை இவருடைய பேருக்கு வந்தது. அதை வங்கியில் போட்டதோடு சரி. எங்கள் கலியாணத்துக்கும் தொடவில்லை, மகள் பிறந்தபோதும் தொடவில்லை. அம்மாவைக் கொடுத்து வாங்கிய காசு என்று ஒரேயொரு தரம் சொன்னார். அதற்குப் பிறகு நானும் அந்தக் கதையை எடுத்ததில்லை.

மிஸ் மறுபடி வந்தபோது இவர் வீட்டில் இருந்தார். எதைச் சொல்லி இவரைச் சம்மதிக்க வைப்பாரோ என்று நான் குசினிக்குள் நின்று காது கொடுத்துக் கேட்டேன். அவர் காப்புறுதியைப் பற்றியே கதைக்கவில்லை. தன் தகப்பனைப் பற்றிக் கதைத்தார். குறிஞ்சாக்கேணியில் பலகை விற்கும் சின்ன மரக்காலை வைத்திருந்தாராம். மிஸ் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே இறந்துவிட்டாராம்.

"வாப்பா மௌத்தான பிறகு இன்சூரன்ஸ் காசு வந்திச்சு. உம்மா அதக் கையில தொடமாட்டன் எண்டு அழுதா. எங்கட மாமாதான் சொன்னாரு, இது அவன்ட சாவுக்கு யாரோ தந்த காசு இல்ல புள்ள, அவன் உசிரோட இருக்கக்குள்ள உங்களுக்கெண்டு எடுத்து வெச்ச காசு எண்டு. அதிலதான் தங்கச்சி படிச்சா. நானும் படிச்ச."

இவர் கையை நீட்டி மிஸ்ஸின் பேனையை வாங்கினார். பிறகு, "எங்க கையெழுத்து?" என்று கேட்டார்.

வீட்டுக் காப்புறுதியில்தான் எங்கள் சண்டை மாறி வந்தது. தீ விபத்துக்கு மட்டும் போட்டால் வங்கிக்குப் போதும், கட்டணமும் குறைவு. நான் அதோடு விடலாம் என்றேன். புயலுக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்துப் போட்டால் கட்டணம் கூடும். மிஸ் இரண்டையும் விளக்கிவிட்டு முடிவை எங்களிடம் விட்டார். கையெழுத்தே வைக்கமாட்டேன் என்று நின்ற மனிதர், "இந்த ஊரில நெருப்பை விடக் காத்துத்தான் எனக்குப் பயம். சேர்த்துப் போடுங்கோ" என்றார்.

எல்லாம் சரி என்றுதான் இருந்தோம். உயிர்க் காப்புறுதிக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை செய்யவேண்டும் என்றார்கள். போனேன். பரிசோதித்த டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கேட்டார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்ததுதான். ஸ்கான் செய்து பார்த்தபோது அந்தக் காய்ச்சலால் இதயத்தின் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. படியேறினால் மூச்சு வாங்குவதை நான் உடம்பு பருத்ததன் குற்றம் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் மிஸ் வந்தார். இவர் வாசலிலேயே நின்று அவரிடம் கேட்டதை நான் மறக்கமாட்டேன். "மிஸ், இதை எழுதாமல் விடேலாதோ? வேற டாக்டரிட்டக் காட்டினால்? வீடு கைவிட்டுப் போகப்போகுது."

"எழுதாம விட்டா இண்டைக்கு லோன் கிடைக்கும்" என்றார் மிஸ். "நாளைக்கு அல்லா காக்கணும், டீச்சருக்கு ஒண்டெண்டா, மறைச்சிட்டீங்க எண்டு சொல்லி ஒரு சதமும் தரமாட்டாங்க. வீடும் போகும். நான் அந்தப் பாவத்தச் செய்யமாட்டன்." பிறகு குரலைத் தணித்து, "முதல்ல டீச்சரக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வீடு எங்கயும் நடந்து போகாது" என்றார்.

காப்புறுதி நிறுவனம் என் விண்ணப்பத்தை ஒத்திவைத்தது. வைத்தியம் முடிந்து ஒரு வருடம் போன பிறகு பார்க்கலாம் என்றது. மிஸ்ஸுக்கு அதோடு வேலை முடிந்தது, வேண்டுமானால் திரும்பிப் பாராமல் போயிருக்கலாம். ஆனால் அவரே எங்களோடு வங்கிக்கு வந்து மனேஜரின் அறையில் இருந்து கதைத்தார். கடனைக் குறைத்து, கணவரையும் கூட்டுக் கடனாளியாகச் சேர்த்து, அவருடைய உயிருக்குக் காப்புறுதி போட்டு, இரண்டு ஆசிரியர்கள் பிணை நின்றால் தரலாம் என்று மனேஜர் ஒத்துக்கொண்டார். என் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் இரண்டு பேர் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார்கள். கடனில் குறைந்த பணத்துக்கு எங்கே போவது என்று நான் நகையை எண்ணிக்கொண்டிருந்தபோது இவர் வந்து பக்கத்தில் இருந்தார்.

"அம்மான்ர காசு கிடக்குதுதானே" என்றார். "அவ இருந்திருந்தா உனக்கொரு வீடு கட்டித் தந்திருப்பா."

அன்றிரவு அவர் தன் அம்மாவைப் பற்றிக் கதைத்தார். அம்மா நண்டு சமைக்கும் விதம், சிரிக்கும்போது வாயைப் பொத்துவது, மகன் படகு ஓட்டக்கூடாது, கந்தோர் வேலைக்குத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. கலியாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நான் கேட்டிராத கதைகள். அவர் அழுதார், இடையிடையே சிரித்தார். மகள் எழும்பி வந்து அப்பாவின் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள்.

கண்டியில் எனக்கு நெஞ்சைத் திறக்கவேண்டி வரவில்லை. தொடையில் சிறு துளையிட்டு, இரத்தக்குழாய் வழியே ஒரு பலூனை அனுப்பி வால்வை விரித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சக் காலம் கவனியாமல் விட்டிருந்தால் இவ்வளவு இலேசாக முடிந்திராது என்று டாக்டர் சொன்னார். ஊருக்குத் திரும்பி இரண்டு மாதத்தில் புது வீட்டில் பால் காய்ச்சினோம். மிஸ் தன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தித்தான் வீட்டில ஒரே கதை" என்றார்.

ஒத்திவைத்த காலம் முடிந்ததும் மறுபடி விண்ணப்பித்தோம். கடனில் பாதிக்கு மட்டும், கூடுதல் கட்டணத்தோடு என் உயிரை ஏற்றுக்கொண்டார்கள். இந்த முறை கடுதாசிகளை இவர்தான் நிரப்பினார். போன மாரியில் வீசிய புயலில் பின்பக்கத்து ஓடுகள் பறந்து, அறைக்குள் தண்ணீர் வந்தது. காப்புறுதியில் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனாலும் கூரையைத் திருத்தப் போதுமாக இருந்தது. கடன் எடுக்காமல் சமாளித்தோம்.

இன்சூரன்ஸ் மிஸ் இப்போது மட்டக்களப்புக் கிளைக்கு மாறிப் போய்விட்டார். நேரில் கண்டு நாளாகிவிட்டது. அவர் விற்றுவிட்டுப் போனது மூன்று காப்புறுதிகள்தான். ஆனால் அவர் வந்துபோன பிறகு எங்கள் வீட்டில் கதைக்க ஏலாத விஷயம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. நான் இல்லாமற் போனால் மகள் எங்கே படிப்பாள், இவர் இல்லாமற் போனால் படகை யாருக்கு விற்பது என்றெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது சாதாரணமாகக் கதைக்கிறோம். முன்பென்றால் சாவு என்ற சொல்லை எடுத்தாலே இவர் எழும்பிப் போய்விடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை இவர் இரண்டு தென்னங்கன்றுகள் வாங்கி வந்தார். எங்கே வைப்பது என்று எங்களுக்குள் வாக்குவாதம். கடைசியில் மிஸ்ஸுக்கே போன் எடுத்துக் கேட்டார்.

"வீட்டுச் சுவரோட ஒட்டி வெக்காதீங்க அண்ணன். நாளைக்குக் காத்துக்கு முறிஞ்சு கூரையில விழுந்தா, கிளெய்முக்கு நான்தான் ஓடி வரணும்" என்று அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது.

"மரமாகி விழ இன்னும் முப்பது வருசம் ஆகும் மிஸ்" என்றார் இவர்.

"ஆகட்டுமே. அப்பவும் அந்த வீட்டில நீங்க ரெண்டு பேரும்தானே இருப்பீங்க" என்றார் மிஸ்.

இவர் சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போனார்.