ஆமைக்கும் புரட்டாசி விரதம்

கடந்த புரட்டாசியின் மூன்றாவது சனிக்கிழமை அது. பினாங்கு பாயான் பாருவில், ஏழாவது மாடியில் எங்கள் வீடு. கணவருக்குத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். வீட்டில் நானும் இரண்டரை வயது மகளும்தான். பால்கனியில் ஓர் ஆமை.

சாதாரண ஆமை இல்லை. ஸ்னாப்பிங் டர்ட்டல் என்பார்கள், கடிக்கிற இனம். தலையை ஓட்டுக்குள் இழுத்து ஒளிந்துகொள்ளாது. மிரண்டால் கழுத்தை நீட்டிக் கவ்விவிடும். ஊர் மாறிப் போன நண்பர் ஒருவர் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. ஓடு மட்டுமே சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு, மேலே கம்பி வலை போட்டு, மூலைக்கு ஒரு செங்கல் வைத்திருந்தோம். தண்ணீர் மாற்றுவது, மீன் துண்டு போடுவது எல்லாம் என் பொறுப்பு. நான் எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன். செய்த பிறகும், சரியாகத்தான் செய்தேனா என்று இன்னொரு முறை படிப்பேன்.

புரட்டாசி பிறந்ததும் வழக்கம்போல் குளிர்பெட்டியைக் கழுவி, மீன், கோழி எல்லாவற்றையும் வெளியேற்றினேன். மாதம் முழுக்க வீட்டில் சைவம். அப்போதுதான் ஆமையின் நினைப்பு வந்தது. அதற்காக மட்டும் வீட்டுக்குள் மீன் கொண்டுவரலாமா? கடையில் வாங்கிய தீனியிலும் மீன் தூள் கலந்திருந்தது.

"அதுக்காச்சும் மீனு போடுலா, பாவம்" என்றார் கணவர்.

"பெருமாளே ஆமையா வந்தவருங்க. அவரு மாசத்துல அதுக்கு மீனு போடவா?" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர மனம் கேட்கவில்லை. இணையத்தில் தேடினேன். இந்த ஆமை செடிகளையும் தின்னும் என்று ஒரு வரி கிடைத்தது. எனக்கு வேண்டியிருந்ததும் அந்த வரிதான். அதற்கு மேல் படிக்கவில்லை.

கங்கோங் கீரையும் காரட்டும் போட்டேன். முதல் வாரம் ஏதோ கொஞ்சம் தின்றது. பிறகு கீரை மிதந்து அழுகத் தொடங்கியது. மூன்றாவது வாரம் பகலெல்லாம் தொட்டியை நகத்தால் சுரண்டியது. எனக்கு உறுத்தல்தான். இன்னும் கொஞ்ச நாள்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல். வடை சுட்டு வைத்துவிட்டுச் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன். வரவேற்பறையிலிருந்து "சாப்பு, சாப்பு" என்று மகளின் குரல் கேட்டது. பொம்மைக்கு ஊட்டுகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் ஏனோ எட்டிப் பார்த்தேன்.

பால்கனிக் கதவு திறந்திருந்தது. செங்கல் சரிந்து, தொட்டியின் மேலிருந்த வலை ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் மகள் குந்தியிருந்தாள். அவளுக்கு எதிரில் ஆமை. வடைத் துண்டைப் பிடித்திருந்த அவள் விரல்களுக்கும் அதன் வாய்க்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அது வாயைப் பிளந்து சீறியது. விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள்.

கத்தினால் பதறி எந்தப் பக்கம் சாய்வாளோ. ஓடினால் ஆமை மிரண்டு கவ்விவிடுமோ. பொங்கல் கிண்டிய மரக்கரண்டி கையிலேயே இருந்தது. மண்டியிட்டு மெல்ல நகர்ந்து, அதை இருவருக்கும் நடுவில் நீட்டினேன்.

கழுத்து நீண்டதை நான் பார்க்கவே இல்லை. டக்கென்ற சத்தம்தான் கேட்டது. கரண்டியின் நுனி அதன் வாய்க்குள் இருந்தது. மறு கையால் மகளைச் சட்டையோடு பிடித்துப் பின்னால் இழுத்தேன். விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன. நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினேன். அதன் பிறகுதான் எனக்கு அலறலே வந்தது.

எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து, வாளியைக் கவிழ்த்து ஆமையை மூடினார். பிறகு பால்கனிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தார்.

"என்னாலா இது, கீரையா போட்ட?"

"புரட்டாசி விரதம், அக்கா..."

"நீ வெரதம் இருக்கே, சரி. அது வந்து நானும் வெரதம்னு உன்கிட்ட சொல்லுச்சா?"

நான் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். "புள்ளைய கீழ எறக்காதே" என்று சொல்லிவிட்டு, அவரே கடைக்குப் போய் மீன் வாங்கி வந்தார். மகளை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, இருவருமாக ஆமையைத் தொட்டியில் விட்டோம். மகளை அக்காவிடம் கொடுத்துவிட்டு, படையல் நாளன்று என் வீட்டு அடுப்படியிலேயே மீனை நறுக்கி, நானே தொட்டியில் போட்டேன். போட்ட துண்டுகள் தொட்டியின் அடியைத் தொடும் முன்பே ஆமை கவ்வி விழுங்கியது.

இப்போது அதற்குப் பூட்டுப் போட்ட கண்ணாடித் தொட்டி. எந்த மாதமானாலும் நீண்ட இடுக்கியால் மீன் கொடுக்கிறேன். அதில் பாவம் உண்டா என்று யாரிடமும் கேட்பதில்லை. ஆனால் மகளுக்கு நகம் வெட்ட உட்காரும்போதெல்லாம் முதலில் அவள் விரல்களை எண்ணிப் பார்க்கிறேன். நான் இருந்த விரதத்துக்கு அவள் விரலை அல்லவா கொடுக்கப் பார்த்தேன்!