சோக்கட்டியால் வரைந்த வாய்

1974 ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குச் சிட்னி ஹோம்புஷிலிருந்து புறப்பட்டோம். என் கணவர் சிவநேசன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். வடக்கே வெஸ்ட் ஹெட் காட்டில் ஆதிக்குடிகள் பாறையில் செதுக்கிய உருவங்கள் இருப்பதாக உடன் ஆசிரியர் ஒருவர் அவருக்குச் சொல்லியிருந்தார். வீதிப் பலகைகள் அந்தக் குளிர்காலத்தில்தான் கிலோமீற்றருக்கு மாறியிருந்தன. எங்கள் பழைய கார் தூரத்தை மைலில்தான் காட்டியது: முப்பதுக்குச் சற்றுக் குறைவு.

பன்னிரண்டு மணி. யூக்கலிப்டஸ் மரங்களுக்குள் அரை மைல் நடந்ததும் கோயில் மண்டபம் போல அகன்று, தட்டையாக ஒரு மணற்பாறை. உச்சி வெயிலில் வெறுங்கல்தான் தெரிந்தது. அதன் நடுவில் அமர்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

பேசியபடி அங்கேயே இருந்துவிட்டோம். மூன்றரை மணிக்கு வெயில் சாய்ந்தது. என் காலடியில் நிழற்கோடு ஒன்று ஓடியது.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ! நாங்கள் ஒரு ஆளின்ர நெஞ்சில இருக்கிறம்."

செதுக்கிய மனித உருவம், பதினைந்து அடி இருக்கும். கைகளை விரித்துக் கிடந்தது. வட்டக் கண்கள் இரண்டும் மேலே பார்த்தன. அவற்றுக்கு நடுவில்தான் இவ்வளவு நேரமும் சாப்பாட்டுப் பெட்டியை வைத்திருந்தேன். வாய் இல்லை.

கமெராப் படத்தில் தெளிவாக விழவேண்டும் என்று என் கணவர் சட்டைப் பையிலிருந்த வகுப்புச் சோக்கட்டியால் கோடுகளை வெள்ளையாக்கினார். "செதுக்கினவன் மறந்து போனான்போல" என்று சிரித்தபடி ஒரு வாயும் வரைந்து, படம் எடுத்தார்.

"அவருக்கு யார் வாய் வைத்தது?"

ஆங்கிலத்தில் கேட்டவர் ஓர் ஆதிக்குடிப் பெண். நரைத்த தலை, கம்பளிச் சட்டை. மர ஓரத்தில் எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"மன்னியுங்கள். ஏன் வாய் இல்லை என்று சொல்வீர்களா?" என்றார் என் கணவர்.

"அது உங்களுக்குச் சொல்வதற்கு இல்லை. அழியுங்கள்."

குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றித் துடைத்தோம். வாய் கரைந்தது. தண்ணீர் பாறை வழியே பரவிய இடத்தில் செதுக்கிய கால்தடம் ஒன்று கறுத்துத் தெரிந்தது. பிறகு இன்னொன்று. வரிசையாக, எங்கள் பக்கம் நோக்கி வந்துகொண்டிருந்தன.

அந்தப் பெண் அவற்றை மிதிக்காமல் ஓரமாக வந்து உருவத்தின் முகத்தைக் குனிந்து பார்த்தார். "பார்த்து நடங்கள்," என்றார். "நீங்கள் வந்த வழி முழுக்க இருக்கிறார்கள்."

அரை மைல் திரும்பி நடக்க ஒரு மணி நேரம் எடுத்தது.

காருக்குள் என் கணவர் கமெராவை மடியில் எடுத்து வைத்தார்.

"ஊரில சிலைக்குக் கண் திறக்கிறதுக்கு நாள் பாக்கிறம், விரதம் இருக்கிறம். நான் இண்டைக்கு என்ன வேலை பாத்தனான்?"

கமெராவைத் திறந்து படச்சுருளை வெளிச்சத்தில் இழுத்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவென்று எடுத்த எங்கள் புது வீட்டுப் படங்களும் அதில்தான் இருந்தன. நான் தடுக்கவில்லை.