யார் குடியிருந்தாலும் என் வீடுதான்

எட்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. 'கட்டுரையாளர் சுகவீனம்' என்று பத்திரிகை ஆசிரியர் பெட்டி கட்டிப் போட்டிருந்தார். நீங்களும் நம்பி, நலம் விசாரித்து எழுதியிருந்தீர்கள். மருதமுனை வாசகர் ஒருவர் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லி, எத்தனை வேளை என்றும் குறித்திருந்தார்.

மன்னிக்க வேண்டும். எனக்குக் காய்ச்சலும் இல்லை, தடிமனும் இல்லை. தங்கைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் ஒளித்துத் திரிந்தேன் — அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுகிறேன், வாசலில் தங்கை றாபியா. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே நான்கு ஒழுங்கைதான். ஆனாலும் வெள்ளிக்கிழமை சோற்று நேரத்தில் அடுப்பை விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை அவள். கையில் மடித்த பேப்பர். இந்தப் பேப்பர்தான். இந்தப் பக்கம்தான்.

"காக்கா, மாப்பிள்ள ஊட்டுல இருந்து கேட்டனுப்பி இரிக்காங்க" என்றாள். "ஊடு ஆருடயெண்டு."

"எந்த ஊடு?"

"நான் இரிக்கிற ஊடு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுடைய மகள் நஸீமாவுக்கு மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. நாள் குறிப்பது மட்டும்தான் பாக்கி. கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருக்கிறவரின் மகன். சவூதியில் மூன்று வருடம் நின்றுவிட்டு வந்த பையன். பெண்ணுக்கு வீடு தயார் — தாய் வீடேதான்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. காக்கா என்றால் அண்ணன், ஊடு என்றால் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். கூடப்பிறந்தவளுக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தன் கலியாணத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டான். இது காலாகாலமாக நடப்பது. யாரும் இதை ஒரு தியாகம் என்று நினைப்பதில்லை.

தங்கை பேப்பரை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள். நான் எழுதிய வரி. எழுதிய அன்றைக்கு எழுந்து இரண்டு நடை நடந்து, திரும்ப வந்து வாசித்துப் பார்த்து, நானே மெச்சிக்கொண்ட வரி.

'யார் குடியிருந்தாலும் அது என் வீடுதான்.'

இந்த வரி எப்படி வந்தது? சொல்கிறேன்.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வாழ்க்கைக் கதை எழுதும் ஆசை வந்தது. வயசுக்கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். பரம்பரை, பள்ளிக்கூடம், ஆசிரிய நியமனம் கிடைத்த கதை என்று நாற்பது பக்கம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டு: 'சேர், எல்லாம் சரி. ஆனால் இதில் உங்களைக் காணவில்லை. சொந்தக் குரலில் எழுதுங்கள்.'

சொந்தக் குரலா... எது அது? வகுப்பில் எனக்கு ஒரு பேச்சு. வீட்டில் ஒரு பேச்சு. கல்விக் கந்தோருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் 'தங்கள் மேலான கவனத்திற்கு' என்று வேறொரு ஆள் வந்து பேனாவைப் பிடித்துக்கொள்கிறான். வாராவாரம் உங்களோடு கதைக்கிற இந்தக் கெட்டிக்காரன் இன்னொருவன். இதில் நான் யார்? ஒரு வாரம் யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டு மனதில் கிடந்ததை எழுதினேன். வீட்டைத்தான் எழுதினேன்.

நான் பிறந்தபோது அது மண்சுவரும் கிடுகுக் கூரையும். வாப்பாவின் சாகாமத்து வயல் இரண்டு போகம் தண்ணீர் இல்லாமல் கருகிய பிறகு, தங்கைக்குக் கல்வீடு கட்டுகிற பொறுப்பு என் தலையில் வந்தது. பொலன்னறுவைப் பக்கம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு லீவு வந்து நானே அத்திவாரம் வெட்டினேன். மேசனுக்குக் கையாளாக நின்றேன். மாவடிப்பள்ளியில் மணல் வண்டி புதைந்தால் பின்னால் நின்று தள்ளினேன். முப்பத்திரண்டு வயதில் வீடு முடிந்தது. அந்த மாதமே தங்கைக்கு நிக்காஹ். அடுத்த மாதம் எனக்கு. ஒரு சூட்கேசோடு மனைவி வீட்டுக்கு வந்தேன். ஓடு போட்ட அந்தக் கூரையின் கீழ் நான் படுத்தது மொத்தம் ஒன்பது நாள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு போகையில் அந்தக் கடைசி வரி தானாக வந்து விழுந்தது. 'இதுதான் சேர் குரல்' என்று பத்திரிகை ஆசிரியர் தந்தி அடிக்காத குறை. பதினொரு வாசகர் கடிதம் வந்தது. பதினொன்றும் ஆண்கள் எழுதியது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

இப்போது தங்கை முன்னால் நிற்கிறாள். என் மனைவி கறிச்சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்து அந்த வரியை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப இது ஆர்ர ஊடு?" என்றாள் என்னைப் பார்த்து.

"எது?"

"நீங்க இப்ப நிக்கிற ஊடு."

"...உன்ட ஊடு."

"அதையும் ஒருக்காப் பேப்பருல போட்டுடுங்க. மறுகா கொழப்பம் வரப்படா."

எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கைக்கு வரவில்லை.

"காக்கா, ஒண்டு கேக்கன். நீங்க எழுதினது பொய்யா?"

பேப்பரை வாங்கி மடிக்கத் தொடங்கினேன்.

"பொய்யெண்டா பொய்யெண்டு எழுதிடுங்க. நான் கொண்டுபோய் அவங்களுக்குக் காட்டுறன். மெய்யெண்டாச் சொல்லுங்க... நான் புள்ளக்கி வேற ஊடு பாக்கன்." அவள் கண் நிறைந்துவிட்டது. "இருவது வருசமா உங்கட ஊட்டுலயா காக்கா நான் இருந்த?"

சோறு தின்னச் சொன்னோம். கேட்காமல் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் திருத்தம் எழுத உட்கார்ந்தேன். பெரிய வேலையா? மூன்று வரி. முதல் தடவை, 'இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்' என்று ஆரம்பித்தது. மாடு காணாமல்போன அறிவித்தல் மாதிரி இருந்தது. கிழித்தேன். இரண்டாம் தடவை, 'மேற்படி வரி ஒரு இலக்கிய உத்தியே' என்று வந்தது. பயந்தாங்கொள்ளித்தனம். அதையும் கிழித்தேன்.

மூன்றாம் தடவை நேரடியாக, 'நான் எழுதியது பொய்' என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது. ஏனென்றால் அது பொய் இல்லை. சரி, 'மெய்' என்று எழுதிப் பார்த்தேன். அதற்கும் பேனா நகரவில்லை. மெய் என்றால், இருபது வருடம் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, மூன்று பிள்ளை பெற்று, உம்மாவையும் வாப்பாவையும் கடைசிவரை பார்த்து அனுப்பியவள் யார்? வாடகைக்கு இருந்தவளா? ஒரே வரி எப்படி மெய்யாகவும், கூடப்பிறந்தவளுக்குச் செய்த அநியாயமாகவும் இருக்கலாம்? எனக்குத் தலை சுற்றியது. இன்றைக்கும் சுற்றுகிறது. உங்களில் யாருக்காவது விளங்கினால் எழுதுங்கள்.

இப்படியே மூன்று வாரம். அதற்குள் புடவைக்கடைக்காரர் வீட்டிலிருந்து இரண்டாம் தடவையும் ஆள் வந்தது. வருகிற வெள்ளிக்குள் ஒரு முடிவு வேண்டுமாம். இல்லையென்றால் அவர்கள் வேறிடம் பார்ப்பார்களாம். நஸீமா அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று மனைவிதான் வந்து சொன்னாள்.

"எழுதிக் கிழிச்சது போதும்" என்றாள். "சட்டயப் போட்டுட்டு வெளிக்கிடுங்க."

வெளிக்கிட்டேன். வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதி ஒன்று, 'எனக்கு எவ்வித உரித்தும் இல்லை' என்று கையொப்பம் வைத்த கடிதம் ஒன்று — இரண்டையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். மாப்பிள்ளையின் வாப்பா ஒரு பெண்ணுக்குச் சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தார். ஸலாம் சொன்னேன். உட்காரச் சொல்லி, பிளேன்டீக்கு ஆள் அனுப்பினார். உறையை நீட்டினேன். பிரிக்காமலே என் பக்கம் தள்ளிவிட்டார்.

"உறுதி தங்கச்சிட பேரில இரிக்கெண்டு எங்களுக்கும் தெரியும் சேர். நாங்க உறுதி கேக்கல்ல."

"அப்ப?"

"என்ட பொஞ்சாதி உங்கட கட்டுரைய வாசிச்சிட்டு அழுதா. மறுகா சொன்னா... இந்த மனுசன்ட மனசு இன்னும் அந்த ஊட்டுலதான் கிடக்கு, ஒரு ஆள்ர ஏக்கம் கிடக்கிற ஊட்டுக்குள்ள என்ட புள்ள எப்புடிக் குடியிருக்கிற எண்டு."

யோசித்துப் பாருங்கள். கட்டுரை நன்றாக அமைந்ததுதான் குற்றம். கொஞ்சம் மோசமாக எழுதியிருந்தால் எப்போதோ நாள் குறித்திருப்பார்கள்.

"நான் இப்ப என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"பொருத்தம் தாங்க சேர். வாயால சொன்னாப் போதும். எழுதித் தர வாணாம்."

பொருத்தம் கொடுப்பது எங்களிடையே சின்ன விஷயம் இல்லை. என் மனதில் ஒரு குறையும் வைக்கவில்லை, உனக்கு அது ஹலாலாகட்டும் என்று சொல்லிவிடுவது. சொன்னால் சொன்னதுதான். மறுமையில் போய், 'அன்றைக்குச் சும்மா சொன்னேன்' என்று வழக்குப் பேச முடியாது. உறுதியில் கையெழுத்து வைப்பதைவிட அது பாரம்.

உறையைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிளேன்டீ ஆறிவிட்டது.

"அந்த ஊடு தங்கச்சிட" என்றேன். "அவட மகளுக்குப் போறத்துல எனக்கு ஒரு கொறையுமில்ல. நான் பொருந்தித் தந்துட்டன்."

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து காட்டினார். உள்ளே என் கட்டுரை, ஓரம் கோணாமல் வெட்டி வைத்திருந்தார்.

"பேப்பருல மட்டும் ஒண்டும் மாத்தி எழுதிடாதீங்க" என்றார் மெதுவாக. "நானும் ஊட்டக் கட்டிக் குடுத்துட்டு வந்த ஆள்தான் சேர்."

வெளியே வந்தேன். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாய் சொல்லிவிட்டது. மனம் சொன்னதா? அதைத்தான் சொந்தக் குரல் என்கிறார்களா, அல்லது அதுவும் நான் நன்றாகப் பேசிய இன்னொரு வசனமா? பஸ் ஹோன் அடித்த பிறகுதான் நடுறோட்டில் நிற்பது தெரிந்தது.

நேரே தங்கையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மெத்தப் பெரிய மூச்சு ஒன்று விட்டாள். பிறகு விடாமல் பழைய இடத்துக்கே வந்தாள்.

"அப்ப, பொய்யா மெய்யா காக்கா?"

"தெரியா தங்கச்சி. சத்தியமாத் தெரியா."

"தெரியாட்டி, தெரியாதெண்டு எழுதுங்களன். அதுக்கென்ன?"

முப்பது வருடமாகக் கட்டுரை எழுதப் படிப்பிக்கிறேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. 'தெரியாது' என்றும் எழுதலாம் என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொன்னதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. நீங்கள் வாசிக்கும் இதை அவளுக்கு முதலில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஒரு இடத்திலும் வெட்டச் சொல்லவில்லை. தான் அழுத இடத்தில் மட்டும், "கொஞ்சம் கூடவா எழுதிட்டீங்க" என்றாள்.

நஸீமாவின் கலியாணம் நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் பின்னேரம், சும்மா ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். முன்கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். திறந்தது புது மாப்பிள்ளை. இடுப்பில் புதுச் சாரம், அத்தர் வாசம், உள்ளே அவருடைய சவூதி றேடியோ கசற் பாடிக்கொண்டிருக்கிறது. நல்ல பையன். பேப்பர் வாசிக்கிற பழக்கம் மட்டும் இல்லை.

நான் வாசலில் தயங்கியதைப் பார்த்திருக்க வேண்டும். கதவை அகலத் திறந்துவிட்டு, மிக மரியாதையாகச் சொன்னார்:

"உள்ள வாங்க மாமா. கூச்சப்படாதீங்க... உங்கட ஊடு மாதிரித்தான்."

"ஓம் மகன்" என்றேன்.

என் வாழ்க்கைக் கதையில் நான் யோசிக்காமல் சொன்ன ஒரே வசனம் அதுதான்.