நல்ல தோலிலும் இருக்கிறதாம்: மத்திகிரியிலிருந்து நாகரசம்பட்டிக்கு ஒரு நாள்

வழக்கமாக இங்கே அணை, அருவி, மலைக்கோட்டை என்று எழுதுவேன். இது அந்த மாதிரிப் பயணம் இல்லை. எனக்கு ஏழு வருடமாகச் சொரியாசிஸ். தோலில் சிவப்புத் திட்டு, மேலே செதில் செதிலாக வெள்ளைப் பொருக்கு. கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனையில் நடந்த மரபணு ஆராய்ச்சிக்கு எப்படிப் போவது என்று இதே நோயுள்ள மூன்று பேர் கேட்டிருந்தார்கள். இரண்டரை மாதம் முன்பு போனதை இப்போதுதான் எழுத மனசு வந்தது.

ஆராய்ச்சிக்காக என்னிடம் ஏற்கெனவே இரண்டு துண்டுத் தோல் எடுத்திருந்தார்கள். வலது முழங்கையின் திட்டிலிருந்து ஒன்று, திட்டே இல்லாத இடது கையிலிருந்து ஒன்று. மிளகளவுதான், மரத்துப்போக ஊசி போடுவார்கள், ஒரு தையல். அதன் முடிவைச் சொல்லத்தான் அன்று கூப்பிட்டிருந்தார்கள்.

என் அவசரம் வேறு. பிரசவத்துக்குத் தாய்வீடு போன என் மனைவி செல்வி நாகரசம்பட்டியில் இருந்தாள். மகன் எட்டாம் மாதமே பிறந்துவிட்டான். அன்றைக்கு அவனுக்கு ஐம்பத்திரண்டு நாள். நான் அவனைத் தூக்கியதில்லை. "சின்ன உசுரு மாப்ள, தொடாதீங்க" என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். என் இடது கை தோளிலிருந்து விரல்வரை சுத்தமாக இருந்தது. ஒரு பிள்ளையைத் தூக்க அந்தக் கை போதாதா? அந்தக் கை நல்ல கைதான் என்று டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு நேரே நாகரசம்பட்டி போவது, இதுதான் திட்டம்.

எங்கள் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை லீவு. காலை 6.40க்கு மத்திகிரியில் டவுன் பஸ், ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு பத்து ரூபாய். 7.20க்குக் கிருஷ்ணகிரி பஸ், ஐம்பது கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். சூளகிரி தாண்டும்வரை லாரிகள்தான், ஜன்னலோரம் உட்கார்ந்தால் புகை. 8.50க்கு இறங்கி மருத்துவமனைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன், இருபது ரூபாய். சட்டைக் கையை மடித்திருந்ததை மறந்துவிட்டேன்.

"என்னா சார் கையில, தீக்காயமா?" என்று கேட்டார் டிரைவர்.

"ஆமாங்க."

"அய்யோ, கம்பெனிலயா? பாத்து சார்."

பொய்தான். தீக்காயம் என்றால் அய்யோ என்பார்கள், படை என்றால் தள்ளி உட்காருவார்கள். ஏழு வருடத்தில் கற்றுக்கொண்ட பாடம் இது.

பதினொன்றேகாலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா பொறுமைசாலி.

"எல்லா செல்லுலயும் அதே மரபணுக்கள்தான் இருக்கு. எது எவ்வளவு வேலை செய்யுதுங்கறதுதான் மாறுது. உங்க திட்டுல, வீக்கத்தைக் கூப்பிடற மரபணுக்கள் ரொம்ப அதிகமா வேலை செய்யுது. ஒரு மாசத்துல மேல வரவேண்டிய தோல் நாலஞ்சு நாள்ல வந்து நிக்குது."

"டிராயிங் அதேதான், மெஷின் ஸ்பீடைக் கூட்டிட்டாங்க. அப்படித்தானே மேடம்?"

"கிட்டத்தட்ட. டிராயிங்லயே சின்னச் சின்ன வித்தியாசமும் இருக்கும். அதனாலதான் சில குடும்பத்துல தொடர்ந்து வருது."

"அப்ப இந்தக் கை? இதால என் பிள்ளையைத் தூக்கலாமா மேடம்?" இடது கையை மேசைமேல் நீட்டினேன்.

"நோய் இல்லாதவங்க தோலோட வெச்சுப் பாத்தா, இங்கயும் சில மரபணுக்கள் கூடுதலா வேலை செய்யுது. வெளிய தெரியாது. இந்த நோய் இருக்கற நிறைய பேருக்கு அப்படித்தான்."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். நல்ல கை என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இருங்க, இது ஒட்டவே ஒட்டாது. கிருமி கிடையாது. ரெண்டு கையாலயும் பிள்ளையைத் தூக்குங்க" என்றார். வெளியே வந்து பைப்படியில் முகம் கழுவிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

12.10க்கு பஸ், இருபத்தைந்து ரூபாய். ஒன்றேகாலுக்கு நாகரசம்பட்டி. மாமியார் தண்ணீர்ச் சொம்போடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னா சொன்னாங்க மாப்ள?"

பதினோரு வருடமாக நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மேனேஜர் "என்ன ஆச்சு?" என்றால் ரிஜெக்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நல்ல பீஸ் கணக்கில் ஆரம்பித்தால் திட்டு விழும். நாக்கு பழகிப்போன நாக்கு.

"நல்ல தோல்லயும் இருக்காம் அத்தை. வெளிய தெரியாதாம்" என்றேன்.

சொம்பை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனார். பிள்ளை தூங்கும் அறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டார். கதவருகே ஓடி, "ஒட்டாது அத்தை, டாக்டரே தூக்கச் சொன்னாங்க" என்று கத்தினேன்.

"புள்ள மேல ஆசை, எதையாச்சும் சொல்லுவீங்க. மொதல்ல வாயில வந்துச்சே, அதான் நெசம்."

செல்வி அடுக்களையிலிருந்து ஓடிவந்து கதவைத் தட்டினாள். "அம்மா, தொறம்மா. அவரு பெத்த புள்ளம்மா."

"நீ சும்மா இருடி. கண்ணாடிப் பொட்டிக்கு வெளிய பத்து நாளு தூங்காம ஒக்காந்தவ நானு."

அந்த அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. உள்ளே மகன் விழித்து அழுதான். கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். செல்வி என் இடது கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். 3.20 பஸ்ஸில் கிளம்பி, ஏழு மணிக்கு முன்பே மத்திகிரி வந்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. தையல் போட்ட இடத்தில் இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது. முக்கியமாக, ஒட்டாது என்பதை அன்றே எழுதி, சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் மறு வாரம் போய் வாங்கி அனுப்பினேன். "கெஞ்சி எழுதி வாங்கியிருப்பாரு" என்று மாமியார் சொல்லிவிட்டார், இன்றுவரை பிள்ளையைத் தொடவிடவில்லை. வீட்டில் யார் கேட்டாலும் முதல் வார்த்தை ஒட்டாது என்பதாகவே இருக்கட்டும். மரபணுவைப் பற்றிப் பிறகு ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம்.

நேற்று செல்வி போன் செய்தாள். மகனுக்குக் கழுத்து நின்றுவிட்டதாம். இனி அவனைத் தூக்கும்போது தலைக்குக் கை கொடுக்க வேண்டியதில்லையாம்.