சீட்டில் இல்லாத மருந்து

உடையார்பாளையத்தில் நான் மருந்துக்கடை வைத்துப் பதினேழு வருஷம் ஆகிறது. படித்தது மருந்தாளுநர் படிப்பு. ஆனால் ஊரில் பாதிப் பேர் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. கைராசிக்காரன் என்று வேறு பெயர். அதைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

போன மார்கழியில், முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிற ஒரு பெண் ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தைக்குச் சளி, இளைப்பு. அரியலூரில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு நேராக வந்திருந்தாள். சீட்டில் 'பிராங்கியோலைடிஸ்' என்று, கைக்குழந்தைகளுக்கு வரும் நெஞ்சுச்சளி நோயின் பெயரை எழுதி, கீழே மூக்குக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டு மட்டும் இருந்தது.

"வைரஸாம். தானா சரியாவுமாம். மூக்க சுத்தம் பண்ணி, கொஞ்சங் கொஞ்சமா பால் குடுத்துக்கிட்டே இருக்கணுமாம். பால் குடிக்கலன்னாலும் நெஞ்சு உள்ள இழுத்தாலும் ஒடனே தூக்கிட்டு வரணுமாம். ஒரு ஊசி கூட போடலீங்க" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

அந்த டாக்டர் சொன்னதுதான் சரியான வைத்தியம். அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

"உப்புத்தண்ணிக்கா பஸ் ஏறிப் போன? நேரா எங்கிட்ட வந்திருக்கலாமேம்மா" என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஓர் ஆன்டிபயாட்டிக்கும் ஓர் இருமல் சிரப்பும் எடுத்தேன். கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று சிரப்பின் அட்டைப்பெட்டியிலேயே பொடி எழுத்தில் இருக்கும். வழக்கம்போல அட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டு பாட்டிலை மட்டும் கொடுத்தேன். "இத அரை மூடி குடு. புள்ள அசந்து தூங்கும்."

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் அவள் மாமியார் கடை முன் நின்று, "இருமலே இல்லீங்க, நல்லாத் தூங்குது" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பால் குடித்ததா என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அன்று மத்தியானமே குழந்தைக்கு நெஞ்சு இழுத்து, ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆக்சிஜன் வைத்து, மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். குழந்தைக்காகப் பயந்தேன் என்று எழுதத்தான் ஆசை. முதலில் பயந்தது கடை லைசென்ஸுக்காக. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எட்டாம் நாள் குழந்தையோடு வந்தாள். குழந்தை தேறியிருந்தது. அவள்தான் பாதியாக இளைத்திருந்தாள்.

"யாரு குடுத்த மருந்துன்னு ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டாங்க. உங்கள சொல்லலீங்க. பெரியவனுக்கு வாங்கி வச்சிருந்தது வூட்ல கெடந்துச்சு, நாந்தான் குடுத்துட்டேன்னு சொல்லிட்டேன். நீயெல்லாம் ஒரு தாயான்னு எல்லாருக்கும் முன்னாடி திட்டிட்டாங்க. போவட்டும். நாந்தான் அளவு கூடக் குடுத்துட்டேன் போலருக்கு."

அளவில் தப்பில்லை. அந்த மருந்தே தப்பு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். கடையில் அன்றும் ஆட்கள் இருந்தார்கள்.

"சரி, இனிமே பாத்துக் குடும்மா" என்றேன்.

"சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.