தலைச்சோலையில் எத்தனை மாடு?

போன மாதம் பால் ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மொத்தமே நான்கு வரி. 'தங்கள் விண்ணப்பத்தில் கண்டுள்ள மாடுகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்க்கையில், தலைச்சோலைக்குப் பால் வண்டி அனுப்பும் அளவுக்கு அங்கே பால் இல்லை.'

அந்த விண்ணப்பத்தை எழுதியவன் நான். இரண்டு பக்கம்! நம் நாட்டில் ஆடு மாடுகள் தரும் பொருளின் மதிப்பு வருஷா வருஷம் எப்படி ஏறுகிறது என்று ஒரு முன்னுரை. சேர்வராயன் மலைப் புல்லின் அருமை பற்றி ஒரு பத்தி. கையெழுத்துக்குக் கீழே 'பதினான்கு நூல்களின் ஆசிரியர்' என்று வேறு... பால் வண்டிக்கும் பதினான்கு நூலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கை அப்படிப் பழகிவிட்டது.

எழுதச் சொன்னவர் ராஜாமணி. ஆறு வருஷமாக என் காலைக் காபி அவர் புண்ணியத்தில்தான் நடக்கிறது. தலைச்சோலையில் கறந்த பாலை முதல் பஸ்ஸில் ஏற்றி, ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து, வீடு வீடாக ஊற்றுவார். எஸ்டேட் வேலைக்காகக் கீழேயிருந்து மலையேறிய குடும்பம். அவரும் காபிப் பழம் பறித்தவர்தான். ஒரு கன்றுக்குட்டியை வாங்கி வளர்க்கப் போய், ஊருக்கே பால்கார அக்கா ஆகிவிட்டார்.

சிக்கல் பஸ்ஸில்தான். மழைக்கு ஒரு மரம் சாய்ந்தால் பஸ் வராது. பஸ் வராவிட்டால் பால் தயிராகும், தயிர் மோராகும்... மோர் என்ன ஆகும்? ஊரில் எல்லார் வீட்டிலும் அன்றைக்கு மோர்க் குழம்புதான்.

"ஊருக்குன்னு ஒரு பால் வண்டி வரலீன்னா மாட்டயெல்லாம் ஓட்டி உட்டுப்போட்டு, மறுபடியும் எஸ்டேட்டுக்கே போயிருவேனுங்க சார்" என்றார் ஒரு நாள். சாதாரணமாகத்தான் சொன்னார். பால் ஊற்றிய கை மட்டும் கொஞ்சம் நின்றது. உடனே பேனாவை எடுத்துவிட்டேன்.

விண்ணப்பம் என்றால் புள்ளிவிவரம் வேண்டாமா? நோட்டும் கையுமாகத் தலைச்சோலையில் வீடு வீடாகப் போனேன். எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள்?

"ஒண்ணு ரெண்டு இருக்குதுங்க."

முதல் வீட்டில் இந்தப் பதில். இரண்டாவது வீட்டில் இதே பதில். ஊர் முழுக்க இதே பதில்! தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் விவசாயம் பார்க்கும் சடையன் வீட்டு வாசலில் நின்றபோது, பின்பக்கக் கொட்டகையிலிருந்து ஐந்தாறு மாடுகள் சேர்ந்து கத்தின. "ரெண்டு இருக்குதுங்க" என்றார் சடையன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். நானும் 'இரண்டு' என்று எழுதிக்கொண்டேன். காது கேட்டது... கை கேட்கவில்லை. படித்தவன் இல்லையா?

கடிதத்தை ராஜாமணிக்குப் படித்துக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க சார், நீங்க ஊடு ஊடா போயி எத்தன மாடுன்னா கேட்டீங்க?"

"வேறு எப்படிக் கேட்பது?"

"அதயெல்லாம் வாய் உட்டுக் கேக்கலாமுங்களா? கேட்டாத்தான் நெசத்தச் சொல்லுவாங்களா? கண்ணு பட்டுருமுங்க!"

எனக்கு மெல்லப் புரிந்தது. "ராஜாமணி... உங்களிடமும் கேட்டேன். ஒன்று என்றீர்கள்."

"மூணுங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. என் வீட்டு அடுப்படியில் என்னையும் அவரையும் தவிர யாருமே இல்லை.

வண்டி வேண்டும் என்று எழுதச் சொன்னவரே தன் மாட்டை மறைத்திருக்கிறார்! மூன்று மாட்டுப் பாலை ஆறு வருஷமாகக் குடித்துவிட்டு, 'ஒன்று' என்று எழுதியிருக்கிறேன் நான். இதில் யார் பெரிய அப்பாவி?

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரில், என் முன்னுரைக்குக் கைகொடுத்த வரைபடத்தை மறுபடியும் திறந்தேன். பல பத்தாண்டுகளாக நம் நாட்டின் கால்நடை உற்பத்தி மதிப்பு எப்படிப் போகிறது என்று காட்டும் ஒற்றைக் கோடு. ஏறுகிறது, ஏறுகிறது... ஏறிக்கொண்டே இருக்கிறது. மழை பொய்த்த வருஷங்களில் பயிர் தடுமாறியபோதும் பால் பெரிதாகத் தடுமாறவில்லை. உலகத்திலேயே அதிகம் பால் கறக்கும் நாடு நம்முடையது. நெல்லையும் கோதுமையையும் சேர்த்தால் வரும் மதிப்பைப் பால் ஒன்றே தாண்டிவிட்டது என்கிறார்கள்.

இத்தனையும் யார் கறந்தது? பெரும் பண்ணைகள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் மூன்று மாடு வைத்துக்கொண்டு 'ஒண்ணு' என்று சொல்லும் ராஜாமணிகள்தான். தலைச்சோலை மாதிரியே எல்லா ஊரும் கணக்கில் பாதியை விழுங்கியிருந்தால், அந்தக் கோடு இன்னும் எங்கே போய் நிற்க வேண்டும்? நினைத்தபோதே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நாம் விசித்திரமான ஜனங்கள். பையன் சம்பளத்தை ஏற்றிச் சொல்வோம். வீட்டின் சதுர அடியை ஏற்றிச் சொல்வோம். கொட்டகையில் நிற்கும் மாட்டை மட்டும் குறைத்துச் சொல்வோம். உயிருள்ளது, நம்மை நம்பி நிற்பது - அதை இழந்துவிடுவோமோ என்ற பயம் வேறு எதிலும் வருவதில்லை.

வழி கண்டுபிடித்தது நான் இல்லை, ராஜாமணி. "மாட்டத்தான் எண்ணக்கூடாதுங்க. பால அளக்கறதுக்கு என்னங்க? தெனமும் அளக்கறதுதானுங்களே?"

பால் ஆபீசருக்குப் போன் போட்டேன். சேலத்துக்காரப் பெண், முப்பது வயதிருக்கும், கறார் பேர்வழி. "ஒரே ஒரு நாள் வண்டியோட வர்றேன் சார். புதன்கிழமை காலைப் பால் எவ்வளவு வருதோ, அதை வெச்சு முடிவு. பத்தலைன்னா இனிமே மனு போடக்கூடாது." ராஜாமணி வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எல்லாரும் தலையாட்டினார்களாம்.

புதன்கிழமை. குப்பனூர் ரோடு வழியாக மேலேறி, காலி கேன்களோடு வண்டி ஆறரைக்கே வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் பனி. ஆபீசர், டிரைவர், நான், ராஜாமணி - நான்கே பேர். ராஜாமணியின் கேன்களின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

ஏழு மணி. யாரும் வரவில்லை. ஏழேகால். ஆபீசர் வாட்ச்சைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

"ஆள் இல்லாம இல்லீங்க" என்றார் ராஜாமணி மெதுவாக. "அங்க பாருங்க."

மேலே ரோடு வளைகிற இடத்தில், காபிச் செடிகளுக்கு நடுவே தலைகள் தெரிந்தன. ஊரே நின்றுகொண்டிருக்கிறது! ஆளுக்கொரு கேன், கேனுக்கொரு துண்டு. யாரும் இறங்கவில்லை. யார் முதலில் திறப்பது? முதலில் திறக்கிறவர் பாலை அல்லவா ஊரே பார்க்கும்?

"அஞ்சு நிமிஷம். அப்புறம் கிளம்பறேன்" என்றார் ஆபீசர். டிரைவர் போய் சீட்டில் உட்கார்ந்தார்.

ராஜாமணி ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றார். பிறகு துண்டை உருவினார். கேன்களின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். வளைவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்:

"எம்பட மூணு மாட்டுப் பாலுங்க! மூணு! நல்லாப் பாத்துக்கங்க!"

ஆளில்லாத அடுப்படியில்கூடக் குரலைத் தாழ்த்திச் சொன்ன எண் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது - பனி என்று சமாளித்துக்கொண்டேன்.

மேலே சலசலப்பு. முதலில் சடையன் இறங்கினார், இரண்டு கையிலும் கேனோடு. 'ரெண்டு' மாடு கறக்கிற பாலா அது? பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் ஐந்து பேர்... அப்புறம் நான் எண்ணவில்லை. இப்போது எனக்கும் மரியாதை தெரியும்.

ஆபீசர் லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்தார். இன்னொரு வீட்டுப் பாலிலும் விட்டுப் பார்த்தார். "தண்ணியே இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அரை மணி நேரத்தில் டிரைவர் கத்தினார்: "மேடம், நம்ம கேன் பத்தல!"

ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எவ்வளவு பெருமை! பல பத்தாண்டுகளாக மேலே போகும் நாட்டின் கோட்டில் தங்கள் பங்கை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தவர்களின் சிரிப்பு. திங்கட்கிழமையிலிருந்து தினமும் இரண்டு வேளையும் வண்டி வரும் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஆபீசர். ராஜாமணி அந்தத் தாளை வாங்கி, இரண்டாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். மாடுகள் எங்கேயும் போகவில்லை.

ஆபீசர் கையில் இருந்த ஃபாரத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி. ஆபீசர் பேனாவோடு சடையனைப் பார்த்தார். "இப்பவாவது சொல்லுங்க ஐயா, உங்களுக்கு எத்தனை மாடு?"

"சேர்வராயன் சாமிக்கே நாங்க கணக்குச் சொன்னதில்லீங்க கண்ணு... ஒண்ணு ரெண்டு இருக்குது."

கறார் பேர்வழி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கட்டத்தைக் காலியாகவே விட்டு, பேனாவை மூடி, என் பக்கம் திரும்பினார். "மனுவில பார்த்தேன் சார். நீங்க நொம்ப புக் எழுதியிருக்கீங்களாமே... எத்தனை?"

"ஒண்ணு ரெண்டு இருக்குதுங்க" என்றேன்.